மயில்கழுத்து வண்டி

தேனி பஸ் நிலையத்துக்குப் பின்னால் ஸ்டுடியோ வைத்திருந்த சுந்தரலிங்கத்தைப் போலப் பயந்த ஆள் அந்த வட்டாரத்தில் கிடையாது. கல்யாண வீட்டில் தாலி கட்டுவதை எடுத்து முடித்த பிறகும், ஃபிலிம் ஒழுங்காகச் சுற்றியதா என்று பந்தியில் உட்கார்ந்து சோறு இறங்காமல் தவிப்பான். இடி இடித்தால் கடை ஷட்டரை இறக்கிவிடுவான். 'அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய்' என்று பக்கத்து டீக்கடையில் கேலி பேசுவார்கள். ஆனால் 2003 ஆடி மாதத்து வியாழக்கிழமை ஒன்றில் அவன் பயந்ததை மட்டும் யாரும் கேலி பேச முடியாது.

அன்று போலீஸ் ஸ்டேஷனிலிருந்து ஆள் வந்தது, ஒரு காரைப் படம் எடுக்க வேண்டும் என்று. அவனுக்குப் பழகிய வேலைதான். கேமராவைத் தோளில் மாட்டிக்கொண்டு போனான். புங்க மரத்தடியில் நின்ற காரைப் பார்த்ததும் நம்பர் பிளேட்டை இரண்டு தடவை படித்தான். அவன் தங்கை தேவயானியின் புருஷன் பேச்சிமுத்து ஓட்டுகிற, முதலாளி வீட்டு வண்டி அது. போன ஞாயிற்றுக்கிழமைகூட வடுகபட்டியில் தங்கை வீட்டு வாசலில் நின்றது. முன்விளக்கு ஒன்று மட்டும் புத்தம் புதிதாக இருக்கவே, "என்ன மாப்ள, லைட்டு மாத்துனீகளா?" என்று கேட்டான். பேச்சிமுத்து பேச்சை மாற்றி, சாப்பிடக் கூப்பிட்டுக்கொண்டே வீட்டுக்குள் போய்விட்டான்.

இந்த உறவெல்லாம் எஸ்.ஐ.க்குத் தெரியாது. அவர் பாட்டுக்கு விஷயத்தைச் சொன்னார். பத்து நாளைக்கு முன்னால் பெரியகுளம் ரோட்டில், பூண்டு மூட்டையைச் சைக்கிளில் வைத்துத் தள்ளிவந்த ஒருவரைக் கார் ஒன்று அடித்துப் போட்டுவிட்டு நிற்காமல் போயிருக்கிறது. மூன்றாம் நாள் மனுஷன் செத்துப்போனார். கூடவே நடந்து வந்த அவர் பெண்சாதி மொக்கம்மாளுக்கு எழுதப் படிக்கத் தெரியாது, வண்டி நம்பர் தெரியாது. அந்த அம்மாள் சொன்ன அடையாளம் ஒன்றே ஒன்றுதான். வண்டி மயில்கழுத்து நிறம்.

"மயில்கழுத்துன்னு எந்தக் கம்பெனியில பெயிண்ட் அடிக்கிறான்? நாங்க பச்சைன்னு எழுதிக்கிட்டோம். சந்தேகத்துல பிடிச்சிட்டு வந்த இந்த வண்டி நீலம். டிரைவரும் அன்னிக்குக் குமுளியில இருந்தேன்னு சொல்லிட்டுப் போயிட்டான். ஒரு போட்டோ எடுத்துக் குடு, ஃபைல்ல வச்சு வண்டிய அனுப்பிருவோம்" என்றார் எஸ்.ஐ.

சுந்தரலிங்கத்துக்குப் போன உயிர் திரும்பி வந்தது. நிழலில் கார் சுத்தமான நீலமாகத்தான் தெரிந்தது. ஞாயிற்றுக்கிழமை வெயிலில் அதன் பானெட் எப்படி மின்னியது என்பது அவன் ஒருவனுக்குத்தான் தெரியும். அவசர அவசரமாகக் கேமராவைத் தூக்கினான்.

ஸ்டேஷன் படியில் உட்கார்ந்திருந்த மொக்கம்மாள் எழுந்து வந்தாள்.

"ஐயா, நிழல்ல நின்னா எப்படித் தெரியும்? சேலைக் கடையிலயே மயில்கழுத்த வாசலுக்குக் கொண்டாந்து, வெயில்ல பிரிச்சுப் பாத்துத்தான எடுப்போம். உள்ளுக்குள்ள லைட்டுல பாத்தா வெறும் நீலம். இத அங்கன வெயில்ல தள்ளச் சொல்லுங்க."

எஸ்.ஐ.க்குச் சிரிப்பு வந்துவிட்டது. "சேலையும் காரும் ஒண்ணாம்மா? ஏப்பா, நீதான் கலர் தெரிஞ்சவன். வெயில்ல வச்சா பெயிண்ட் மாறுமா?"

சுந்தரலிங்கம் கேமராவைக் கீழே இறக்கினான். 'மாறாது' என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். தேவயானி எட்டு மாதக் கர்ப்பிணி. அப்பா இல்லாத அவளைத் தூக்கி வளர்த்தவன் அவன்தான். 'மாறும்' என்றால் அவள் புருஷனைத் தன் வாயாலேயே ஜெயிலுக்கு அனுப்ப வேண்டும். அதற்குப் பிறகு அவள் முகத்தில் எப்படி விழிப்பது? பயந்தவர்கள் எல்லோரும் செய்வதையே அவனும் செய்தான்.

"தெரியல சார்."

"உங்களுக்குத் தெரியாம எப்படித் தம்பி?" மொக்கம்மாள் கோபமே இல்லாமல் கேட்டாள். "படம் புடிக்கிற ஆளு, கலர் தெரிஞ்சவருன்னு இப்பத்தான ஐயா சொன்னாக."

அந்த அம்மாள் திட்டியிருந்தால் தப்பித்திருப்பான். நம்பிக் கேட்டதுதான் வினையாகப் போயிற்று.

"மாறும் சார்" என்றான். எஸ்.ஐ.க்குக் கேட்கவில்லை. இன்னொரு தடவை சொல்ல வேண்டியிருந்தது.

கான்ஸ்டபிள்கள் இரண்டு பேர் வண்டியைத் திறந்தவெளிக்குத் தள்ளினார்கள். அந்த நேரம் பார்த்து மேகம் வெயிலை மூடியது. கார் நீலமாகவே நின்றது. 'வீரபாண்டி ஆத்தா, இப்படியே மூடி வையி' என்று வேண்டிக்கொண்டான். வேண்டிய மறுகணமே, சற்று முன் உண்மையைச் சொன்னவன் இப்படி வேண்டுகிறோமே என்று தன் மேலேயே அருவருப்பு வந்தது. ஆடிக் காற்று யார் வேண்டுதலையும் கேட்கிற காற்றா? மேகம் விலகியது. பானெட்டின் வளைவில் முதலில் பச்சை ஏறியது. பிறகு கதவுகளில், பிறகு வண்டி முழுக்க. ஓரங்களில் மட்டும் நீலம் மிச்சம் இருந்தது.

"இதுதான்யா" என்றாள் மொக்கம்மாள். முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

எஸ்.ஐ. சிரிப்பதை எப்போதோ நிறுத்தியிருந்தார். சுந்தரலிங்கம் படம் எடுத்தான். முன்னால் ஒன்று, பக்கத்துக்கு ஒன்று, புது விளக்கை மட்டும் கிட்டத்தில் ஒன்று. அசங்கியிருக்குமோ என்று ஒவ்வொன்றையும் மறுபடியும் எடுத்தான்.

"டிரைவர் பேரு பேச்சிமுத்து, வடுகபட்டி" என்று எஸ்.ஐ. ஃபைலைப் புரட்டினார். "ஜீப்ப எடுங்கப்பா. யாருக்காவது அவன் வீடு தெரியுமா?"

கான்ஸ்டபிள்கள் உதட்டைப் பிதுக்கினார்கள்.

"எனக்குத் தெரியும் சார்" என்றான் சுந்தரலிங்கம். கேமராப் பையின் வாரை இறுக்கிப் பிடித்திருந்தான். "என் தங்கச்சி வீடு. மாசமா இருக்கா, ஜீப்பப் பாத்தா பயந்துருவா. நானும் வர்றேன்."