முள் உள்ள காம்பு

சதுப்பு நிலத்தை மண் போட்டு நிரப்புவதற்கு முன் எழுத்து மூலம் அனுமதி பெற வேண்டும். முறைப்பாடு வந்தால், தீர்மானிக்கும் முன் உத்தியோகத்தர் இடத்துக்குப் போய்ப் பார்க்க வேண்டும். இரண்டும் விதி. அரசாங்க அலுவலகத்தில் தலைமை எழுதுவினைஞராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். விதிகளை எனக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை.

எஹலியகொடைக்குப் பக்கத்து இறப்பர் தோட்டம் ஒன்றின் ஓரத்தில் என் வீடு. கீழே தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் லயம். லயத்துக்கும் கீழே சதுப்பு. மலைத் தண்ணீர் எல்லாம் அங்கேதான் போய்த் தங்கும். அதை விலைக்கு வாங்கிய ஒருவர் லொறி நிறுத்த இடம் வேண்டும் என்று மண் கொட்டத் தொடங்கினார். பாதி நிரம்பியதும் வந்த மழையில், முதன்முறையாகக் கடைசி லயத்து வீடுகளுக்குள் முழங்கால் அளவு தண்ணீர். மீதியும் நிரம்பினால் அந்த வீடுகளில் யாரும் இருக்க முடியாது.

முறைப்பாடு எழுதினேன். அது சதுப்பு என்பதற்குச் சாட்சியாக அங்கே முளைத்திருந்த செடிகளைப் போட்டோ எடுத்து இணைத்தேன். பதில் இல்லை. நேரில் அலுவலகத்துக்கே போனேன். உத்தியோகத்தர் என்னை நிற்க வைத்தே கோப்பைத் திறந்து, சதுப்பில் வளரும் 'கொஹில' என்று நான் எழுதிய படத்தில் பேனாவால் தட்டினார்.

"மேக்க ஹபரல நே, மாத்தயா. இது வீட்டுக் கொல்லையில வளர்ற ஹபரல. இதுக்கு நான் சதுப்பு பார்க்க வரணுமா?"

பக்கத்து மேசைகளில் சிரிப்பு. கோப்பு மூடப்பட்டது. அந்தச் சிரிப்பைச் சுமந்துகொண்டுதான் பஸ் ஏறினேன். அவர் சொன்னது சரியாக இருக்குமோ என்ற சந்தேகமும் கூடவே வந்தது. கொஹிலயைக் கறியாகத்தான் எனக்குத் தெரியும். படத்தில் இருந்த இலை அம்பு போல இருந்தது. ஹபரல என்ற காட்டுச் சேம்பின் இலையும் கிட்டத்தட்ட அப்படித்தான்.

மறுநாள் சதுப்பில் இறங்கினேன். கடைசி லயத்தில் இருக்கும், இறப்பர் பால் வெட்டும் பெண் ஒருத்தி அங்கே கொஹில பிடுங்கிக்கொண்டிருந்தாள். படத்தைக் காட்டினேன்.

"கிளாக்கரையா, காம்பத் தொட்டுப் பாத்தீங்களா?"

"இல்லை."

"ஆபீஸ்காரவுங்க எல்லாம் தொடாமத்தான் எழுதுவீங்க போல. இந்தாங்க, தடவுங்க."

தடவினேன். விரலில் இரத்தம். அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். இந்தச் சிரிப்பு எனக்கு வலிக்கவில்லை.

"ஹபரலைக்கு ஏதுங்க முள்ளு? கொஹில சின்னதா இருக்கப்ப எல அம்பு மாதிரிதான் இருக்கும். வளந்தாத்தான் கிழிஞ்சு கிழிஞ்சு வரும். போட்டோவுல முள்ளு குத்துமா?"

அதன்பின் தினமும் இறங்கினேன். கோரையைப் புல் என்று எழுதியிருந்தேன். தண்டை விரல்களுக்கிடையில் உருட்டினால் மூன்று விளிம்புகள் தட்டுப்படும் என்று அவள்தான் காட்டினாள். வல்லாரையையும் அதைப் போலவே இருக்கும் வேறொரு கொடியையும் கசக்கி முகர்ந்து பிரித்தறியப் பழகினேன். அறுபது வயதுக்கு மேல் தாவரவியல் படிப்பதற்கு அறிவுத் தாகம் காரணம் என்று சிலர் சொல்வார்கள். எனக்குக் காரணம் அந்த உத்தியோகத்தரின் பேனா.

புதிய முறைப்பாடு எழுதினேன். ஒவ்வொரு செடிக்கும் ஒரு பந்தி. பிரதிகள் அவருடைய மேலதிகாரிக்கும், அந்த மேலதிகாரியின் மேலதிகாரிக்கும். பிரதி போகும் இடங்களைக் கடிதத்தின் தலையிலேயே எழுதினேன். அடியில் எழுதினால் யாரும் பார்ப்பதில்லை என்பது என் சேவைக்கால அனுபவம். சான்றாக, முள் அடர்ந்த கொஹிலக் காம்பு ஒன்றையும் இளம் இலையோடு உறைக்குள் வைத்தேன். பஞ்சு சுற்றவில்லை, பொலிதீனும் சுற்றவில்லை. மாதிரியைச் சேதமில்லாமல் அனுப்ப வேண்டும் என்று விதி உண்டு. பெறுபவரைச் சேதமில்லாமல் வைத்திருக்க வேண்டும் என்று எந்தச் சுற்றறிக்கையிலும் நான் படித்ததில்லை.

தபால் பிரிக்கும் பிள்ளையோடு எனக்குப் பகை இல்லை. ஆகவே உறையின் மேல், 'இரகசியம். உத்தியோகத்தர் தாமே பிரிக்க வேண்டும்' என்று சிவப்பு மையில் எழுதிப் பதிவுத் தபாலில் சேர்த்தேன்.

வாரங்கள் போயின. ஒரு காலை, அந்த உத்தியோகத்தர் கால்சட்டையை முழங்காலுக்கு மடித்துக்கொண்டு சதுப்பில் நிற்பதை என் ஜன்னலில் இருந்து பார்த்தேன். இறங்கிப் போய் உதவவில்லை. தேநீர் குடித்துக்கொண்டே, அவர் ஒரு சப்பாத்தைச் சேற்றில் தேடுவதைப் பார்த்தேன். அன்று மாலையே லொறிகள் நின்றன.

பதில் பிறகுதான் வந்தது. அது சதுப்பு நிலமே என்று உறுதி செய்யப்பட்டதாம். கொட்டிய மண்ணை உரிமையாளரே அகற்ற வேண்டுமாம். அடியில் இன்னொரு வரி: 'இனிவரும் காலங்களில் தாவர மாதிரிகளைத் தகுந்த பாதுகாப்பு உறையுடன் அனுப்பி வைக்குமாறு தயவுடன் கேட்டுக்கொள்ளப்படுகிறீர்.'

அந்த வரியை மூன்று தடவை வாசித்தேன். பிறகு பழைய வழக்கப்படி கடிதத்தின் வலது மூலையில் எழுதினேன்: பெறப்பட்டது, ஒக்டோபர் 17.