வேண்டுதலுக்கு விட்ட கோட்டு

அன்புராஜ் அண்ணனை நினைத்தால் எனக்கு முதலில் வருவது கோபம். அழுகை அதற்கப்புறம்தான். இவ்வளவு நல்லவனாக ஒரு மனுஷன் இருக்கக் கூடாது என்று அவர் முகத்துக்கு நேராகவே பலமுறை சொல்லியிருக்கிறேன். சிரித்துவிட்டு அடுத்த டீயைச் சொல்வார்.

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் இரும்புக் கம்பி தயாரிக்கிற ஆலை ஒன்றில் அவர் கிரேன் ஓட்டுகிறவர். நான் அங்கேயே தரம் பார்க்கும் பிரிவில் இருக்கிறேன். பதினான்கு வருஷம் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து நாஷ்டா தின்றவர்கள் நாங்கள். ஆலைக்குள் எல்லோரும் நீலச் சட்டைதான். ஷிப்ட் முடிந்து கேட்டைத் தாண்டும்போதுதான் அண்ணன் யார் என்று தெரியும். ஒரு நாள் காலர் நாய்க்காது மாதிரி தொங்கும் டெரிகாட்டன் சட்டை, ஒரு நாள் நாலு பாக்கெட் வைத்த சஃபாரி, ஒரு நாள் தெருவைப் பெருக்கிக்கொண்டு வரும் பெல்பாட்டம். எல்லாம் அவர் டவுசர் போட்டுத் திரிந்த காலத்து உருப்படிகள். "இன்னாண்ணே, சப்-கலெக்டரு கெளம்பிட்டாப்ல கீது" என்று செக்யூரிட்டி ஸ்டீவன் சல்யூட் அடிப்பார். அண்ணனும் விறைப்பாகத் திருப்பி அடிப்பார்.

அத்தனையும் கைப்பேசி ஏலத்தில் பிடித்தவை. வீட்டுப் பீரோவில் கிடக்கும் பழைய துணிமணிகளைப் படம் எடுத்துப் போட்டு ஏலம் விடுகிற ஆப் ஒன்று இருக்கிறது. அதை அவர் போனில் ஏற்றிக் கொடுத்த பாவி நான்தான். ஆறே மாதத்தில் அவர் எனக்கு வாத்தியார் ஆகிவிட்டார். 'விண்டேஜ்' என்று பெரிதாகப் போட்டு வருவதைத் தொடமாட்டார். அப்படிப் போடத் தெரிந்தவனுக்கு விலை வைக்கவும் தெரியும் என்பார். 'அப்பாவின் பழைய பேன்ட்', 'கோட்டு, யாரும் போடுவதில்லை' என்று விவரம் தெரியாமல் போடுகிறவர்களைத்தான் தேடிப் போவார். காலரை மடித்து வைத்துப் படம் எடுத்திருந்தால் உள்ளே வியர்வைக் கறை இருக்கிறது என்று அர்த்தம். பொத்தான் துளை கையால் தைத்ததா, மெஷினா என்று படத்தை விரலால் விரித்துப் பார்த்தே சொல்லிவிடுவார். ஏலம் முடிய அரை நிமிஷம் இருக்கும் வரை கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். "மொதல்லயே பூந்தா நமக்கு ஆச கீதுன்னு தெரிஞ்சிடும் நைனா" என்பார்.

ஆனால் சட்டையும் பெல்பாட்டமும் போகிற போக்கில் மாட்டியவை. அவர் தேடியது ஒரே ஒரு கோட்டை.

அண்ணனுக்கு ஊத்துக்கோட்டைப் பக்கம் ஒரு கிராமம். தொண்ணூற்று மூன்றில் கல்யாணம். எங்கள் பக்கத்தில் அப்போதுதான் ஒரு வழக்கம் புதிதாக வந்திருந்தது: முகூர்த்தத்துக்கு முந்தின சாயங்காலம் ரிசப்ஷன் மேடையில் மாப்பிள்ளை கோட்டு போட்டுக்கொண்டு நிற்க வேண்டும். அதைப் பெண் வீட்டார்தான் எடுத்துத் தர வேண்டும். மாமனார் பரசுராமன் நெல் விவசாயி. வேட்டி துண்டைத் தவிர வேறு எதையும் உடுத்தாத மனுஷன். அவர் திருவள்ளூருக்கு மூன்று தடவை பஸ் ஏறிப் போய், சாம்பல் நிறத்தில் துணி எடுத்து, தையல்காரர் பக்கத்திலேயே உட்கார்ந்து கோட்டைத் தைத்து வாங்கி வந்தார். மகள் சின்னப்பொண்ணு தையல் கற்றவர். யாருக்கும் சொல்லாமல் கோட்டின் உள்பாக்கெட்டைப் பிரித்து, தன் கல்யாண ரவிக்கையில் மிஞ்சிய கிளிப்பச்சைப் பட்டில் வேறு ஒன்று வைத்துத் தைத்துவிட்டார். மொய்க்கவரை வைக்கப் போனபோதுதான் அண்ணன் அதைப் பார்த்தாராம். மேடையிலேயே வெட்கமாகிவிட்டது என்று சொல்வார்.

அந்த ஊரில் அப்போது இருந்த ஒரே கோட்டு அது. அடுத்த முகூர்த்தத்துக்கே, பெண் வீட்டில் எடுத்துத் தர வசதியில்லை என்று ஒருவன் வந்து இரவல் கேட்டான். இல்லை என்று சொல்ல அண்ணனுக்கு வாய் வராது. எட்டு வருஷத்தில் ஊரின் முக்கால்வாசி மாப்பிள்ளைகள் அதைப் போட்டுத்தான் மேடையில் நின்றார்கள். ஒல்லியானவனுக்கு முதுகில் ஊக்கு குத்தினார்கள், குண்டானவனுக்குப் பொத்தானைப் போடாமல் விட்டார்கள். "போதும்யா, எங்கப்பா ஆசையா எடுத்துக் குடுத்தது, இனிமே உள்ள வெச்சிடலாம்" என்று சின்னப்பொண்ணு அண்ணி கெஞ்சிப் பார்த்திருக்கிறார். கடைசியில் ஆந்திரா பக்கத்திலிருந்து, தெரிந்தவனுக்குத் தெரிந்தவன் என்று ஒருவன் வந்து வாங்கிப் போனான். கோட்டும் திரும்பவில்லை, ஆளும் திரும்பவில்லை.

அந்த வருஷமே பரசுராமன் நெஞ்சுவலியில் போய்விட்டார். அப்பா நினைவாக என்று அண்ணியிடம் ஒரு துண்டுத் துணிகூட இல்லை. அவர் சண்டை போடவில்லை, ஒரு வார்த்தை குத்திக் காட்டவும் இல்லை. அந்தப் பேச்சையே எடுக்காமல் இருந்துவிட்டார். திட்டியிருந்தால்கூட அண்ணன் தப்பித்திருப்பார். அந்த மௌனம்தான் அவரை இருபது வருஷத்துக்கு மேல் அரித்தது.

அதனால்தான் ஏலம். சாம்பல் நிறக் கோட்டு எங்கே வந்தாலும் விடமாட்டார். உள்பாக்கெட்டைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லி என்னை ஆங்கிலத்தில் எழுத வைப்பார். பாதிப் பேர் பதிலே போடமாட்டார்கள். சரி, எதற்கும் இருக்கட்டும் என்று வாங்கிவிடுவார். பார்சல் வந்ததும் அண்ணி பிரித்து, கோட்டின் இடது பக்கத்தைத் திருப்பிப் பார்ப்பார். பிறகு மடித்துப் பீரோவில் வைத்துவிட்டு அடுப்படிக்குப் போவார். இப்படிப் பதினோரு கோட்டுகள் சேர்ந்தன.

போன வருஷம் அண்ணிக்கு வயிற்றில் கட்டி. சென்னைப் பெரிய ஆஸ்பத்திரிக்கு ரயிலில் அழைத்துப்போய் அழைத்துவந்து கொண்டிருந்தார் அண்ணன். ஆவணி மாதம், இனி வீட்டிலேயே வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். அதற்கு என்ன அர்த்தம் என்று எல்லோருக்கும் தெரியும். மகள் பூமிகா கைக்குழந்தையோடு வந்து கூடவே தங்கிவிட்டாள்.

அந்த வாரம்தான் அது கிடைத்தது. வேலூர்ப் பக்கம் யாரோ 'கல்யாணக் கோட்டு, பழசு' என்று போட்டிருந்தார்கள். மூன்றாவது படத்தில் கோட்டு திறந்து கிடந்தது. உள்ளே கிளிப்பச்சை.

அண்ணன் போனை எடுத்துக்கொண்டு அரை நாள் லீவு போட்டு வீட்டுக்கு ஓடினார். அன்று சாயங்காலம் நானும் போயிருந்தேன். அண்ணி எலும்பும் தோலுமாகக் கட்டிலில் கிடந்தார். போனைக் கண்ணருகே வைத்துக்கொண்டு அந்தப் பச்சையை விரலால் தடவினார். விரல் பட்டுப் படம் பெரிதாக, அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நான் கேட்ட அவருடைய கடைசிச் சிரிப்பு அது. "என் தையலுதான்யா. மூலையில ரெண்டு வாட்டி ஓட்டியிருப்பேன், பாரு" என்றார். கொஞ்சம் மூச்சு வாங்கிக்கொண்டு, "கண்ண மூடறதுக்குள்ள ஒரு வாட்டி தொட்டுப் பாத்துட்டேன்னா போதும்" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் நாலு மணிக்கு ஏலம் முடிகிறது. கேட்டுக்கு எதிரே டீக்கடையில் நானும் அண்ணனும் உட்கார்ந்திருந்தோம். போட்டிக்கு ஒரே ஒரு ஆள், கழுகுப் படத்தை முகமாக வைத்திருந்தவன். ஐந்து நிமிஷம் இருக்கும்போது அவனிடமிருந்து அண்ணனுக்கு ஒரு செய்தி வந்தது. 'சார், என் அப்பா ஐசியூவில் இருக்கிறார். பிழைத்து வந்தால் இப்படி ஒரு கோட்டைப் போட்டு அவரைக் கோயிலுக்கு அழைத்து வருவதாக வேண்டுதல். தயவு செய்து விட்டுக் கொடுங்கள்.'

அண்ணன் அதை ரெண்டு தடவை படித்தார். எனக்குப் படித்ததுமே பற்றிக்கொண்டு வந்தது.

"டுபாக்கூரு பையண்ணே. உடாத. நீ பாட்டுக்கு கேளு."

"வேண்டுதல்னு சொல்லிட்டானே வசந்து" என்றார்.

அவர் ஊர் அம்மன் கோயிலில் ஆடிக் கூழ் ஊற்றி முடிந்த மறுநாள், அம்மனுக்குச் சாத்திய சேலையை ஏலம் விடுவார்கள். எத்தனை பேர் மல்லுக்கு நின்றாலும் சரி, ஒருவர் 'வேண்டுதல்' என்று சொல்லிவிட்டால் அதற்குமேல் யாரும் வாயைத் திறக்கக் கூடாது. யார் முதலில் சொன்னாரோ அவருக்குத்தான். அந்த வழக்கத்தில் வளர்ந்த மனுஷனிடம்தான் அந்தக் கழுகுக்காரன் இந்த வார்த்தையைச் சொல்லியிருக்கிறான். தெரிந்து சொன்னானோ, எல்லோரிடமும் சொல்வதைச் சொன்னானோ, யார் கண்டது.

"அது உன் கோட்டுண்ணே! நம்ம கதையச் சொல்லு அவங்கிட்ட. அண்ணி கெடக்குறாங்கன்னு சொல்லு."

"அவன் முந்திக்கினான்டா. பின்னால நான் சொன்னா அது போட்டி."

"சரி, நீ கேக்க வாணாம். நான் என் போன்ல கேக்குறேன்."

என் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். கிரேன் பிடித்துக் காய்த்த கை. "உன் ஊட்லயும் கொயந்தைங்க கீது. வேண்டுதல் மேல ஏலம் கேட்டவன் ஊடு வெளங்காது. அவ கெடக்குற கெடப்புல நான் அத செய்வனா? கேட்டுட்டு, அதுனாலயே அவளுக்கு எதுனா ஆயிடிச்சின்னா?"

நாலு மணி ஆனது. கோட்டு கழுகுக்காரனுக்குப் போனது. 'எடுத்துக்கோங்க தம்பி, அப்பா நல்லபடியா எழுந்து வருவாரு' என்று எழுதச் சொன்னார். பல்லைக் கடித்துக்கொண்டு எழுதி அனுப்பினேன்.

அண்ணியிடம் அவரே சொல்லிக்கொள்ளட்டும் என்று நான் நழுவப் பார்த்தேன். விடவில்லை, கூடவே இழுத்துக்கொண்டு போனார். கட்டிலருகே தரையில் உட்கார்ந்து, வேண்டுதல், ஐசியூ, அந்தப் பையனுடைய அப்பா எல்லாவற்றையும் சொன்னார். அண்ணி முழுவதையும் கேட்டார். தப்பு என்று சொல்ல அவராலும் முடியாது. அவரும் அந்த வழக்கத்தில் வளர்ந்தவர்தான். "அப்பவும் நீதான் எடுத்துக் குடுத்த. இப்பவும் நீதான் குடுத்துட்டு வந்து நிக்கிற" என்றார். கோபமே இல்லாமல் சொன்னார். சொல்லிவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

ஐப்பசி அடைமழையில் அண்ணி போய்ச் சேர்ந்தார். தண்ணீர் தேங்கிய சுடுகாட்டில் விறகு பற்றாமல் பட்ட பாட்டை நான் எழுதப் போவதில்லை.

பதினாறாம் நாள் காரியம் முடிந்து அண்ணன் வேலைக்கு வந்த அன்று காலை, கம்பெனி பஸ்ஸில் நான் சும்மா அந்த ஆப்பைத் திறந்தேன். ஏன் திறந்தேன் என்று தெரியவில்லை. சாம்பல் நிறக் கோட்டு, கிளிப்பச்சை உள்பாக்கெட், அதே கழுகுப் படம். இப்போது அவனே விற்கிறான். மூன்று மடங்கு விலை, 'அரிய விண்டேஜ்' என்று தலைப்பு வேறு. போட்ட தேதியைப் பார்த்தேன். ஏலம் முடிந்து ஒரு வாரம்கூட ஆகவில்லை அப்போது. அண்ணி அதற்கப்புறம் ஐம்பது நாள் உயிரோடு இருந்தார். அந்த ஐம்பது நாளில் நானோ அண்ணனோ ஒரு தடவை திறந்து பார்த்திருந்தால் போதும், கடனோ உடனோ வாங்கி அதை அவர் மடியில் வைத்திருப்போம். இதை நினைத்தால் இன்றைக்கும் எனக்குச் சோறு இறங்குவதில்லை.

கொதித்துப்போய் அண்ணனைத் தேடிக்கொண்டு கிரேன் ஏணிக்குக் கீழே போனேன். "பாருண்ணே, இவன் லட்சணத்த!" என்று போனை அவர் கையில் திணித்தேன். மொட்டையடித்த தலை, கன்னம் ஒட்டிப்போயிருந்தது. படத்தை விரலால் விரித்தார். உள்பாக்கெட்டின் மூலைத் தையலை வெகுநேரம் பார்த்தார்.

"அட பாவமே" என்றார். "அந்தத் தம்பியோட அப்பா தவறிட்டாரு போலகீது."

போட்டிருந்த விலையை விரலால் தட்டிக் காட்டினேன்.

"இல்லன்னா வேண்டிக்கினு வாங்கின பொருள யாருனா விப்பாங்களா? ஊட்ல வெச்சிக்க மனசு வந்திருக்காது."

"வேணும்னா இப்ப எடுத்துடலாம்ணே" என்றேன். வேறு என்ன சொல்வதென்று தெரியாமல் சொன்னேன்.

"யாருக்குடா?"

போனை என்னிடமே திருப்பிக் கொடுத்தார். "ரெண்டு வார்த்த எழுதிப் போடு வசந்து. அப்பா போனது கேட்டு வருத்தமா கீது, தைரியமா இருங்க தம்பின்னு போடு. எனக்கும் இப்பதான் ஆச்சு, எப்டி இருக்கும்னு தெரியும்னு போடு."

அவர் சொன்னபடியே எழுதினேன், ஒரு எழுத்து மாற்றவில்லை. அரை நிமிஷத்தில் பதில் வந்தது. 'கோட் இருக்கு சார். சைஸ் நாற்பது. வேணுமா?'

"இன்னா சொல்றாப்ல?" என்றார் அண்ணன்.

போனை அணைத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன்.

"அழுவுறாருண்ணே" என்றேன்.

"அழட்டும் உடு" என்றார். "அழுதா கொஞ்சம் எறங்கும்."

ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு ஏணியில் ஏறினார்.