வலி நின்ற மத்தியானம்

வலி நின்றுவிட்டால் சந்தோஷப்பட வேண்டுமா, பயப்பட வேண்டுமா? ஒரு வாரமாக எனக்கு இதுதான் குழப்பம்.

முத்தையாபுரத்தில் கருப்பட்டிக் கடை வைத்திருக்கும் என் அத்தானுக்கு, மீனைத் தொட்டுப் பார்த்து வாங்கினால்தான் திருப்தி. போன வாரம் ஒரு கெளுத்தியின் செவுளைத் தூக்கிப் பார்க்கையில் முள் கையில் ஏறிவிட்டது. கடுகளவு காயம். சுண்ணாம்பு தடவிக்கொண்டு கடைக்குப் போய்விட்டார்.

மறுநாள் காலை முழங்கை வரை வீக்கம், காய்ச்சல், உயிர் போகிற வலி. அக்கா எதிர்க்கடைப் போனில் என்னைக் கூப்பிட்டாள். "ஆஸ்பத்திரிக்கு வாங்கன்னு சொன்னா கேக்க மாட்டுக்காவ." இத்தனூண்டு முள்ளுக்கு இவ்வளவு ஆர்ப்பாட்டமா என்று கேலி செய்தேன். இப்போது வெட்கமாக இருக்கிறது.

மத்தியானம் போனால், அத்தான் சிரித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்!

"வலி சுத்தமா போயிட்டு மாப்ள. ஆஸ்பத்திரி எதுக்கு?"

அக்கா முகத்திலும் நிம்மதி. ஆனால் கை? ஊதா நிறம்... அங்கங்கே கொப்புளம். வலிக்காத கை இப்படியா இருக்கும்? எனக்கு ஒன்றும் புரியவில்லை. புரியாததால்தான் ஆட்டோ பிடித்தேன்.

டாக்டர் கொப்புளத்தின் பக்கத்தில் கிள்ளிப் பார்த்தார். ஒன்றுமே தெரியவில்லை என்றார் அத்தான், பெருமையாக. டாக்டரின் முகம் மாறிவிட்டது.

வலி நிற்கவில்லையாம் — வலியைச் சொல்லும் நரம்பு செத்துக்கொண்டிருக்கிறதாம். உள்ளே சதை அழுகுகிறது, மருந்து மட்டும் போதாது, இப்போதே வெட்டி எடுக்க வேண்டும் என்றார். தாமதித்தால் கை போகும். இன்னும் தாமதித்தால் உயிர்.

சுகர் உண்டா என்று கேட்டார். அக்கா இல்லையென்று தலையாட்டினாள். அத்தான் ஃபேனைப் பார்த்தார். இரண்டு வருஷமாக உண்டாம்! கருப்பட்டிக் காப்பி சுகரை ஏற்றாது என்று தன் சரக்கைத் தானே நம்பி, மாத்திரையையும் நிறுத்தியிருக்கிறார். அப்படிப்பட்ட உடம்பில்தான் முள் வழியாக ஏறிய இந்தக் கிருமி வேகமாகப் பரவும் என்றார் டாக்டர்.

ஆபரேஷனுக்குச் சம்மதத் தாளை அக்கா என் பக்கம் தள்ளினாள். நான் கையெழுத்துப் போட்டேன்.

வெட்டினார்கள், தைக்கவில்லை. காயத்தைத் திறந்தபடியே விட்டு, மேலே துணியைச் சுற்றினார்கள். மறுநாள் மறுபடியும் ஆபரேஷன் தியேட்டர். இது என்ன வைத்தியம் என்று அக்கா என்னைக் கேட்டாள். எனக்கென்ன தெரியும்? அழுகல் மிச்சமிருக்கிறதா என்று திரும்பத் திரும்பப் பார்க்க வேண்டுமாம். ஊசி மருந்து இன்னொரு பக்கம் ஏறிக்கொண்டே இருந்தது.

நாலாம் நாள். நர்ஸ் கட்டைப் பிரித்தார்.

"எம்மா... வலிக்கி" என்று அலறினார் அத்தான்.

டாக்டர் சிரித்தார். மிச்சமிருக்கும் சதைக்கு உயிர் இருக்கிறது, கை தப்பித்தது என்றார். அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு அத்தானிடம் குனிந்தாள்.

"எங்க, இன்னொரு தடவ சொல்லுங்க."