வெள்ளைப் பெட்டியில் விழுந்த சீட்டு

என் ஜெபக் குறிப்பேட்டில், திரித்துவத் திருநாளுக்குப் பின் வரும் ஏழாம் ஞாயிற்றின் பக்கத்தில் இப்படி எழுதியிருக்கிறேன்: "காலை 9.40. பிரிக்பீல்ட்ஸ் ஆலயம். எமிலி சுகமானாள் என்று சபையில் வாசித்தார்கள். எமிலி இன்னும் சுகமாகவில்லை." அதற்குக் கீழே, அன்று மாலை வேறு பேனாவில் எழுதிய இன்னொரு வரி: "பிற்பகல் 2.00 முதல் 6.20 வரை தூங்கினாள்." இந்த இரண்டு வரிகளையும் சேர்த்துப் படித்தால்தான் நடந்தது விளங்கும். அதற்கு முந்தைய சில நாட்களிலிருந்து தொடங்குகிறேன்.

எமிலி என் மனைவி. நாங்கள் பாளையங்கோட்டைக்குத் தெற்கே ஒரு ஊரிலிருந்து வந்து இங்கே நான்கு ஆண்டுகள் ஆகின்றன. குடியிருப்பு கோலாலம்பூரின் பிரிக்பீல்ட்ஸில், வேலை கிள்ளானில். தினமும் காலையில் ஊர் முழுவதும் கோலாலம்பூரை நோக்கி வர, நான் எதிர்த்திசையில் கொம்யூட்டர் ரயில் ஏறுகிறேன். அதனால் உட்கார இடம் கிடைக்கும், வாசிக்கவும் எழுதவும் முடியும். ஒரு கிடங்கில் சரக்கு இருப்பைச் சரிபார்ப்பது என் பணி. லோரி வந்து, சாமான் இறங்கி, எண்ணி முடித்த பிறகே டி.ஓ. என்ற அந்த ஒப்படைப்புச் சீட்டில் கையெழுத்துப் போடுவேன். மழையானாலும், ஓட்டுநர் அண்ணன்மார் திட்டினாலும், அதற்கு முன்னால் பேனாவைத் திறப்பதில்லை.

இந்த நாட்டுக்கு வந்த புதிதில் எனக்கு விசித்திரமாகப் பட்டது, இங்கே எல்லோரும் எல்லோரையும் ஓய்வெடுக்கச் சொல்வது. அடுக்ககத்துக் காவலாளி சொல்வார், தேநீர்க் கடைக்காரர் சொல்வார், பேச்சை முடிக்கிற இடத்தில் "ரெஸ்ட் லா" என்று ஒரு வார்த்தை வந்துவிடும். எங்கள் பக்கம் அப்படிச் சொல்ல மாட்டார்கள். "வேலை எல்லாம் முடிஞ்சுதா?" என்றுதான் கேட்பார்கள். மருத்துவர் ஒருவரை வீட்டுக்குப் போய் ஓய்வெடுக்கச் சொன்னால் அது கெட்ட செய்தி, இனி மருந்தால் ஆவதில்லை என்று பொருள். இளைப்பாறுதல் என்பது எங்களுக்குப் பிரசங்கத்தில் கேட்கும் சொல். ஒருவர் இறந்த பிறகு கல்லறையில் எழுதும் சொல்லும் அதுவே. திங்கட்கிழமை அதை யாரும் பயன்படுத்துவதில்லை.

எமிலியின் கழுத்தில் ஒரு கட்டி தெரிந்தது. பங்சாரில் உள்ள ஒரு மருத்துவமனையில் ஊசியால் குத்தி மாதிரி எடுத்தார்கள். முடிவு வரப் பத்து நாள் ஆகும் என்றார்கள். கிளம்பும்போது ஒரு மலாய்த் தாதி, மிக அன்பாக, எமிலியின் தோளைத் தொட்டு, "ஆன்டி, யூ கோ ஹோம், ரெஸ்ட் ஆ" என்றாள். எமிலி சிரித்தாள். மின்தூக்கிக் கதவு மூடியதும் சிரிப்பு நின்றுவிட்டது.

"ஏங்க, அந்தப் பிள்ளைக்கு ஏதோ தெரிஞ்சிருக்கு."

"அப்படி இல்ல, இங்க எல்லாரும் அப்படித்தான் சொல்லுவாங்க. காய்கறிக்காரன்கூடச் சொல்லுவான்."

"காய்கறிக்காரன் சொல்லலாம். ஆஸ்பத்திரியில சொன்னா வேற."

அன்றிலிருந்து அவள் தூங்கவில்லை. கண்ணை மூடிப் படுத்திருப்பாள், நான் எழுந்தால் அவளும் எழுவாள். ஐந்தாம் நாள் சட்னிக்கு உப்புப் போட்டோமா என்று இரண்டு முறை கேட்டாள். ஆறாம் நாள், ஆலயத்தில் தான் பாடம் நடத்தும் ஞாயிறு பள்ளிப் பிள்ளைகளின் பெயரை மறந்துவிட்டதாகச் சொல்லி அழுதாள். கட்டியைப் பற்றி அவள் அழவில்லை, பெயர்கள் மறந்ததற்காக அழுதாள்.

இங்கே எங்கள் ஆலயத்தில் வாசலின் இரு பக்கமும் இரண்டு மரப்பெட்டிகள் உண்டு. நீலப் பெட்டி விண்ணப்பத்துக்கு, வெள்ளைப் பெட்டி நன்றிக்கு. நான்கு ஆண்டுகளில் நான் எதிலும் சீட்டுப் போட்டதில்லை, என் விண்ணப்பங்களை என் குறிப்பேட்டோடு வைத்துக்கொள்வேன். அந்த ஞாயிறு முதல் முறையாகப் போட்டேன். ஊரில் எழுதும் வழக்கப்படியே எழுதினேன்: "எமிலி. கழுத்துக் கட்டி. சுகம்." ஊரில் இருப்பது ஒரே பெட்டி. பெயரும் காரியமும் போதும், யார் கேட்கிறார்கள், யார் பெற்றுவிட்டார்கள் என்பது சீட்டுகளை வாசிக்கும் உபதேசியாருக்குத் தெரியும். தெருவுக்கே தெரியும். வினைச்சொல்லுக்கு அங்கே தேவை இல்லை. இங்கே அந்த வினைச்சொல்லின் வேலையைப் பெட்டியின் நிறம் பார்க்கிறது என்பது எனக்கு அப்போது உறைக்கவில்லை.

ஆராதனையின் நடுவே சீட்டுகளை வாசிப்பவர் தங்கராஜ் அண்ணன். கிள்ளானில் பிறந்து, லோரி ஓட்டி ஓய்வு பெற்றவர், நல்ல கனத்த குரல். விண்ணப்பங்கள் முடிந்தன, எமிலியின் பெயர் வரவில்லை. பிறகு வெள்ளைப் பெட்டிச் சீட்டுகள். மூன்றாவதாக வாசித்தார்: "சகோதரி எமிலி. கழுத்துக் கட்டியிலேர்ந்து சுகம். ஆண்டவருக்கு ஸ்தோத்திரம்!"

சபை முழுவதும் ஆமென் என்றது. முன்வரிசைப் பிள்ளைகள் திரும்பி அவளைப் பார்த்துச் சிரித்தார்கள். நான் எழுந்து நிற்கலாமா என்று யோசித்தேன். எமிலி என் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள். அவள் அழப் போகிறாள் என்று நினைத்தேன். அவளோ எல்லோரையும் போல, சற்றுப் பிந்தி, ஆமென் என்றாள்.

கீழே காப்பிக்கு இறங்கியதும் ஆளுக்கு ஆள் வந்து கை குலுக்கினார்கள். ஒரு ஆன்டி இலையில் மடித்த கோயே பலகாரத்தை அவள் கையில் திணித்து, "எமிலி, சொல்லவே இல்ல பாரு! நல்லா சாப்பிடு, நல்லா ரெஸ்ட் எடு லா" என்றார். நான் தங்கராஜ் அண்ணனை ஒரு தூணுக்குப் பக்கத்தில் பிடித்தேன்.

"அண்ணே, தப்பு நடந்துடுச்சு. அது நன்றி இல்ல, விண்ணப்பம். ரிசல்ட் வியாழக்கிழமைதான் வருது."

"வெள்ளைப் பெட்டியிலதானே இருந்துச்சு?"

"நான் நீலப் பெட்டியிலதான் போட்டேன்."

"சார், நான்தான் தொறந்தேன், நான்தான் எடுத்தேன். வெள்ளை." அவர் என் முகத்தைப் பார்த்தார். "இப்ப என்னா செய்யச் சொல்றீங்க? அடுத்த வாரம் மைக்ல நின்னு, சாரி, இன்னும் சுகமாவலன்னு சொல்லவா?"

"சொல்லணும்ணே. இல்லாதத இருக்குன்னு பதிவு பண்ணக் கூடாது."

"நீங்க ஸ்டோர்லதான் வேலை பாக்குறீங்கன்னு இன்னிக்குத்தான் நம்புறேன்" என்றார். "நானும் முப்பது வருஷம் லோரி ஓட்டினவன். உங்கள மாதிரி ஆளுங்கதான் சாமான் இறங்காம டி.ஓ.ல சைன் வைக்காம, வெயில்ல எங்கள நிக்க வைக்கிறது. சரி, எழுதிக் கொடுங்க. பாப்போம்."

வீட்டுக்கு நடந்து வரும் வழியில்தான் தவறு பிடிபட்டது. அன்று காலை மழை, நாங்கள் பக்கவாட்டுக் கதவால் உள்ளே போனோம். உள்ளிருந்து வாசலைப் பார்த்தால் இடப்பக்கம் வலப்பக்கமாகிவிடும். நீலப் பெட்டி இடப்பக்கம் என்று மனத்தில் வைத்திருந்த நான், ஒரு கையில் குடையோடு, நிறத்தைப் பார்க்காமல் பக்கத்தைப் பார்த்துப் போட்டிருக்கிறேன். குற்றவாளி நானே. அதையும் குறித்துக்கொண்டேன்.

மதியம் சாப்பிட்டுவிட்டு எமிலி படுத்தாள். நான் மேசையில் உட்கார்ந்து திருத்தக் கடிதத்தை எழுதினேன். முதல் படி நீளமாக வந்தது. இரண்டாவது மன்னிப்புக் கடிதம் போல இருந்தது. மூன்றாவதை எழுதும்போது வீட்டில் ஏதோ குறைவது போலத் தோன்றியது. அவள் புரளும் சத்தம் கேட்கவில்லை. எட்டிப் பார்த்தேன். வாய் சற்றுத் திறந்து, ஒரு கை கட்டிலுக்கு வெளியே தொங்க, ஆழ்ந்த தூக்கம். ஜன்னலுக்கு வெளியே ரயில் போயிற்று. மேல் மாடியில் யாரோ சுவரில் துளை போட்டார்கள். அவள் அசையவில்லை. நான் நாற்காலியை நகர்த்தாமல் நான்கு மணி நேரத்துக்கு மேல் அப்படியே உட்கார்ந்திருந்தேன்.

எழுந்து வந்தவள் முகத்தைக் கழுவிவிட்டு, மேசையில் இருந்ததைப் பார்த்தாள்.

"யாருக்கு எழுதுதீய?"

"தங்கராஜ் அண்ணனுக்கு. அடுத்த ஞாயிறு திருத்திச் சொல்லணும்."

"கிழிச்சுப் போடுங்க."

"எமிலி, அது உண்மை இல்ல."

"நான் இப்ப தூங்கி எழும்பினேன். அது உண்மையா இல்லையா?"

பேனாவை மூடி வைத்தேன். அவள் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். "அத்தன பேரும் ஆமென் சொன்னாவல்லா. ஒருத்தருக்காவது சந்தேகம் உண்டா? ஒரு வாரமா நான் ஒத்தையில நம்பணும் நம்பணும்னு கெடந்து கஷ்டப்பட்டேன். இன்னிக்கு எனக்குப் பதிலா அவங்க நம்பிட்டாங்க. நான் தூங்கிட்டேன்."

"வியாழக்கிழமை வேற மாதிரி வந்தா?"

"வந்தா அன்னைக்கு அழுவோம். அதுக்கும் தூங்கி எழும்பின உடம்பு வேணும்லா?" என்று சொல்லிவிட்டு, கோயே மிச்சம் இருக்கிறதா என்று கேட்டாள்.

கடிதத்தை நான் கிழிக்கவில்லை. எழுதிய எதையும் கிழிப்பது என் வழக்கமில்லை. குறிப்பேட்டுக்குள் மடித்து வைத்தேன். அந்த நான்கு நாளும் எனக்குள் ஒரு நடுக்கம் இருந்தது. சபையாரின் முன் பொய்த்துப்போவோமோ என்பது அதில் சிறு பகுதி. அவள் நன்றாகத் தூங்கி, நன்றாகச் சாப்பிட்டு, பிறகு மருத்துவர் எதிரே போய் உட்கார வேண்டுமே என்பதுதான் பெரும் பகுதி. உயரத்திலிருந்து விழுந்தால் அடி அதிகம் என்று கணக்குப் போட்டேன். அவளோ உயரத்தில் இருப்பது போலவே இல்லை. தரையில் நடப்பவளைப் போல வீட்டு வேலைகளைப் பார்த்தாள். ஞாயிறு பள்ளிப் பிள்ளைகளின் பெயர்களை ஒரு தாளில் வரிசையாக எழுதி, ஒன்றும் விடுபடவில்லை என்று எனக்குக் காட்டினாள்.

வியாழன் காலை 11.15. சீன மருத்துவர், கணினித் திரையைப் பார்த்துக்கொண்டே, "நாட் கேன்சர்" என்றார். பிறகு எங்களைப் பார்த்து இன்னொரு முறை சொன்னார். கட்டி இருக்கும், கெடுதல் இல்லை, ஆண்டுக்கு ஒரு முறை வந்து காட்டினால் போதும். வெளியே அதே மலாய்த் தாதி. "ஸீ, ஆன்டி! ஐ டோல்ட் யூ, ரெஸ்ட்!" என்றாள். எமிலி அவளைக் கட்டிக்கொண்டாள். அந்தப் பெண்ணுக்குத் தான் சொன்ன ஒரு சொல் என்ன பாடுபடுத்தியது என்று தெரியாது. நாங்களும் சொல்லவில்லை.

கொம்யூட்டரில் கிள்ளானுக்குப் போகும்போது குறிப்பேட்டைத் திறந்தேன். என் பக்கங்களில் இரண்டு பத்திகள் உண்டு: கேட்டது, பெற்றது. கட்டிக்கான வரியில் "பெற்றது" பகுதியில் எப்படி எழுதுவது என்று திணறினேன். கட்டி நீங்கவில்லை, எனவே "நீங்கியது" என்று எழுத முடியாது. "கட்டி இருக்கிறது. பயம் இல்லை" என்று எழுதினேன். அப்போதுதான் அதற்கு மேலே, முந்தைய வெள்ளிக்கிழமை விடியலில் நானே எழுதி மறந்துபோன ஒரு வரியைப் பார்த்தேன்: "எமிலி தூங்க வேண்டும்." அவ்வளவுதான். எதிரே காலி இடம். அதை நான் ஒரு ஜெபமாகவே எண்ணியிருக்கவில்லை. பெரிய விண்ணப்பத்துக்கு நடுவே முணுமுணுத்தது. அதற்குப் பதில் ஞாயிறு பிற்பகல் இரண்டு மணிக்கே வந்துவிட்டது. அந்த நேரத்தில் நான், அந்தப் பதிலைக் கொண்டுவந்த தவறைத் திருத்துவதற்காக மூன்று படி கடிதம் எழுதிக்கொண்டிருந்தேன். சாமான் இறங்கிவிட்டது, நான் வாசலில் நின்று லோரியைத் திருப்பி அனுப்பப் பார்த்திருக்கிறேன்.

அடுத்த ஞாயிறு முன்வாசலால் போனோம். மழை இல்லை. நிறத்தைப் பார்த்து, வெள்ளைப் பெட்டியில், முழு வாக்கியமாக எழுதிப் போட்டேன். தங்கராஜ் அண்ணன் வாசித்தார்: "சகோதரி எமிலிக்குத் தூக்கம் கிடைத்ததற்காக ஸ்தோத்திரம்." கண்ணாடிக்கு மேலாக என்னைத் தேடிப் பார்த்தார். சபையில் சிலர் சிரித்தார்கள், பிறகு அதே பலத்தோடு ஆமென் என்றார்கள். காப்பி வேளையில் அவர் வந்து, "ரிசல்ட்?" என்றார். சொன்னேன். "அப்ப நான் படிச்சது சரிதானே?" "நாலு நாள் முன்னாடியே படிச்சுட்டீங்கண்ணே." "நான் எப்பவும் டைமுக்கு முன்னாடியே வந்துடுவேன் சார். கிள்ளான்ல யாரை வேணும்னாலும் கேட்டுப் பாருங்க."

ஒரு காரியம் மட்டும் பாக்கி. எமிலிக்கு ஊசியால் மாதிரி எடுத்த அன்றே ஊரில் இருக்கும் என் அக்கா, அங்குள்ள ஒரே பெட்டியில் அவள் பெயரைப் போட்டுவிட்டார். அங்கே ஒரு வழக்கம் உண்டு. வியாதியஸ்தர் பட்டியலில் ஏறிய பெயர், சுகமானவர் குடும்பத்தோடு நேரில் வந்து பீடத்தின் முன் நின்று ஸ்தோத்திரம் செலுத்தும் வரை இறங்காது. எங்களுக்கு விடுமுறை கிறிஸ்துமஸுக்குத்தான். குருவானவர் ஐயரிடம் சொல்லிப் பெயரை எடுக்கச் சொல்லிவிட்டதாக அக்கா தொலைபேசியில் சொன்னார். போன ஞாயிறுகூட அத்தையின் பெயரை வாசித்தார்கள் என்று அக்கா மகள் பின்னாலிருந்து கத்தினாள். நான் உபதேசியாருக்கு எழுதிக் கேட்கப் போவதாகச் சொன்னபோது, எமிலி, "இருக்கட்டும், எடுக்கச் சொல்லாதீய. நமக்காக யாராவது கேட்டுக்கிட்டே இருக்கட்டும்" என்றாள்.

ஊருக்கும் எங்களுக்கும் இரண்டரை மணி நேர வித்தியாசம். நாங்கள் ஆராதனை முடிந்து, கையில் கோயே பொட்டலத்தோடு ரயில் பாலத்தின் கீழ் வீட்டுக்கு நடக்கும் 11.30-க்கு, அங்கே காலை மணி ஒன்பது. பட்டியலை வாசிக்கும் நேரம் அதுதான். இங்கே பரிசோதனை முடிவு வருவதற்கு முன்பே சபையில் சுகமானவள், அங்கே இன்னும் சுகம் கேட்டு முழங்காலில் நிற்கும் ஒரு சபையின் நடுவே வியாதியஸ்தியாகவே இருக்கலாம். அந்தப் பாலத்தடிக்கு வரும்போது எமிலி இப்போதெல்லாம் கைக்கடிகாரத்தைப் பார்த்துவிட்டு மெல்ல ஆமென் என்கிறாள். அவள் பெயர் இந்த ஞாயிறும் அங்கே வாசிக்கப்பட்டதா என்பதை நான் இன்னும் சரிபார்க்கவில்லை.