போர்வைக்குள் ஒரு தொலைக்காட்சி

டோர்செட் பார்க் பகுதியில் புலம்பெயர்ந்து வந்து நாங்கள் இருக்கும் மாடிக் கட்டடத்தின் கீழ்த்தளத்தில் ஒரு பொது அறை உண்டு. சனிக்கிழமைகளில் அங்கே இருந்து, ஆங்கிலம் வராதவர்களுக்குப் படிவம் நிரப்பிக் கொடுப்பேன். எனக்கும் ஆங்கிலம் கொஞ்சம்தான். ஆனால் எந்தக் கட்டத்துக்குள் என்ன எழுதவேண்டும் என்பது பழகிவிட்டது.

எதிர்வீட்டில் தனியாக இருந்தவர் பல்கேரியாவிலிருந்து வந்தவர். எழுபதைத் தாண்டிய அவரை எங்கள் தளத்தில் எல்லோரும் பல்கேரிய அன்ரி என்போம். வாடகை கூடியபோது, உதவிக்கு விண்ணப்பிக்கச் சொல்லி நான்தான் அவரை இழுத்து வந்தேன். எல்லாம் எழுதி முடிந்து கையெழுத்துப் போடும் இடத்தில் பேனையை வைத்துவிட்டார்.

"வீட்டில ரீவி இருக்கெண்டு எழுதேல்லையே?" என்றார், எங்கள் இருவருக்கும் பொதுவான அந்த உடைந்த ஆங்கிலத்தில்.

"அதைப் பற்றி இதில கேக்கேல்லை, அன்ரி."

"பிறகு வீட்டுக்கு வந்து பாப்பினம். நானும் அப்பிடிப் பாக்கப் போனனான்."

அவர் ஊரில் ஒரு நகராட்சி அலுவலகத்தில் வேலை செய்தவர். பழைய அரசு இருந்தவரை பிள்ளைகளுக்கான உதவிப்பணமும் குளிர்காலத்துக்கான நிலக்கரியும் எல்லோருக்கும் போனதாம். அரசு மாறி, ஊரிலிருந்த தொழிற்சாலையையும் விற்ற பிறகு, உண்மையான ஏழைகளுக்கு மட்டும் கொடுத்தால் போதும் என்று மேலிடத்திலிருந்து கட்டளை வந்தது. ஏழைகளைக் கண்டுபிடிக்க இவரை வீடு வீடாக அனுப்பினார்கள். கலர் ரீவி இருக்கும் வீட்டின் பெயரை வெட்டவேண்டும்.

ஒரு வீட்டில், வேலை இழந்த கணவனும் மனைவியும் கட்டிலின் இரண்டு முனையிலும் அசையாமல் இருந்தார்கள். நடுவில் போர்வைக்குள் சதுரமாக ஏதோ இருந்தது. அதிலிருந்து ஒரு வயர் தொங்கியது.

"என்ன செய்தனீங்கள்?" என்று கேட்டேன்.

"ரீவி இல்லையெண்டு எழுதினன்."

படிவத்தின் ஓரத்தில் 'ஒரு தொலைக்காட்சி' என்று நான் எழுதிய பிறகே கையெழுத்துப் போட்டார்.

அன்று பின்னேரம் வீட்டில் என் மனுசனிடம் இதைச் சொல்லும்போது எனக்கு அழுகை வந்துவிட்டது. ஊரில் நான் சின்னப் பிள்ளையாக இருந்தபோது, எல்லோருக்கும் கிடைத்த அரிசிக் கூப்பனை நிறுத்தி, ஏழைகளுக்கு மட்டும் உணவு முத்திரை என்றார்கள். பட்டியல் எடுக்க, கிராம அதிகாரியான விதானையார் எங்கள் வீட்டுக்கு வந்தார். மேசையிலிருந்த றேடியோவைப் பார்த்தார். பட்டியலில் எங்கள் பெயர் வரவில்லை. அந்த மனிதர் மேல் எனக்கு இன்றைக்கும் கோபம்.

"அந்தாளுக்கும் மேலயிருந்து ஓடர் வந்திருக்கும். உமக்கு ஏன் இன்னும் உந்தக் கோவம்?" என்றார் மனுசன்.

சில கிழமை கழித்து, உடுப்புத் தோய்க்கும் அறையில் அன்ரி அதே கதையை எனக்கு மறுபடி சொன்னார். கட்டிலும் போர்வையும் வயரும் மாறவில்லை. முடிவு மாறியிருந்தது.

"இருக்கெண்டு எழுதினன். எழுதாட்டி என்ர வேலை போயிருக்கும்."

"முந்தி வேற மாதிரியெல்லோ சொன்னனீங்கள்?"

ஈரப் படுக்கை விரிப்பைக் கையில் பிடித்தபடி என்னையே பார்த்தார். "ரெண்டும் எழுதியிருக்கிறன். எத்தினை வீடு! எந்த வீட்டில எதை எழுதினனெண்டு இப்ப தெரியேல்லை."

விரிப்பை உலர்த்தும் இயந்திரத்துக்குள் போட்டுவிட்டு, "பழைய காலம் நல்லதெண்டு நினையாதேங்கோ. வாய் திறக்கப் பயம். ஆனா பயமில்லாமல் கதைக்கத் தொடங்கின அதே வருசம்தான் என்ர மகள் போன நேர்சறிப் பள்ளியைப் பூட்டினவை" என்றார்.

அவரில் கோபப்படவேண்டுமா, பரிதாபப்படவேண்டுமா என்பது எனக்கு விளங்கவில்லை.

வாடகை உதவிக்குக் காத்திருப்போர் பட்டியலில் அவர் பெயர் சேர்ந்ததாகக் கடிதம் வந்தது. அவர் காத்திருக்கவில்லை. மகள் வந்து ஒஷாவா நகரிலுள்ள தன் வீட்டுக்குக் கூட்டிப் போய்விட்டாள். பெட்டிகளை லிஃப்ட் வரை நான்தான் தூக்கினேன். என் நெற்றியில் முத்தமிட்டுவிட்டுப் போனார்.

அடுத்த சனிக்கிழமை, மூன்றாம் மாடியிலிருக்கும் ஒரு தமிழ்ப் பெண் படிவத்தோடு வந்தார். வீட்டில் வேறு யார் இருக்கிறார்கள் என்ற கேள்விக்கு, "நான் தனிய" என்றார். வேலைக்குப் போகும் அவருடைய வளர்ந்த மகனை நான் தினமும் லிஃப்டில் காண்கிறேன்.

"உண்மையாவோ?" என்று கேட்டுவிட்டேன்.

அவருடைய முகம் கறுத்துவிட்டது. "ஓம்" என்றார். அவர் சொன்னபடியே எழுதினேன். அப்படிக் கேட்க எனக்கு ஏன் வாய் வந்தது என்று இன்னும் தெரியவில்லை.