மூன்றாவது வரி

தொண்ணூற்றுமூன்று மாசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, காலை எட்டு ஐம்பதுக்கு, புலம்பெயர்ந்து வந்து வெக்ஸ்போர்ட்டில் நான் குடியிருந்த பேஸ்மென்ட் வாசலில் சுப்பர்வைசரின் கார் வந்து நின்றது. ஒன்பது மணி என்றுதான் சொல்லியிருந்தார். காய்ச்சல் என்று சொல்லித் தப்பலாமா என்று இரவு முழுவதும் யோசித்திருந்தேன். அவர் கதவைத் தட்டியபோது என் கை தானாகவே கோட்டை எடுத்தது.

அவர் வியட்நாம்காரர். நான் வேலை செய்த பிளாஸ்டிக் தொழிற்சாலையில் எங்கள் பகுதிக்குப் பொறுப்பானவர். அவரிடமிருந்து எனக்கு ஒரு கடிதம் தேவைப்பட்டது. நான் நிரந்தர முழுநேர ஊழியன் என்று அவர் எழுதிக் கையெழுத்து வைத்தால்தான் மனைவியையும் இரண்டு மகள்மாரையும் கூப்பிடும் விண்ணப்பத்தை அனுப்பலாம். அவர்கள் கொழும்பில் ஒரு வாடகை அறையில் இரண்டரை வருடமாகக் காத்திருந்தார்கள். ஐந்து வாரமாக அவர் "அடுத்த கிழமை" என்றார். ஐந்தையும் டயறியில் குறித்திருக்கிறேன். ஆறாவது கிழமை, "ஞாயிறு பகோடாவுக்கு, எங்கள் புத்தர் கோயிலுக்கு வா. திங்கள் கடிதத்தைப் பார்ப்போம்" என்றார்.

பிழை என்னுடையது. வேலையில் சேர்ந்த முதல் வாரம், எந்த நாடு என்று கேட்டார். இலங்கை என்றேன். முகம் மலர்ந்து, "புத்தருடைய நாடு. அப்படியென்றால் நீயும் எங்கள் சமயம்" என்றார். இடைவேளை பதினைந்து நிமிடம். அதற்குள் எங்கே தொடங்கி எங்கே முடிப்பது? தலையாட்டிவிட்டேன்.

பக்கத்து மெஷினில் நின்ற யாழ்ப்பாணத்துக்காரர், என்னிலும் பத்து வயது இளையவர், முதல் வாரம் பேசியதையும் இப்போது பகோடாவுக்கு அழைத்ததையும் கேட்டுக்கொண்டிருந்தார்.

"அண்ணை, கடிதம் கைக்கு வாற மட்டும் நீங்கள் புத்த சமயம்தான். பிறகு முருகனிட்டைத் திரும்பி வரலாம். அவர் ஒண்டும் கேக்கமாட்டார்."

"மொட்டை அடிக்கச் சொன்னால்?"

"உங்களுக்கு அடிக்க என்ன கிடக்கு?"

பகோடா நகரின் மேற்கே, ரயில் பாதைக்கு அருகே இருந்தது. ரயில்வேத் தொழிலாளருக்காக ஒரு காலத்தில் கட்டப்பட்ட ஒடுங்கிய செங்கல் வீடுகள், ஒன்றின் தோளை ஒன்று தொட்டபடி நின்றன. அவற்றின் பின்னால் குதிரை லாயங்களாக இருந்த கொட்டில்கள், இப்போது கார் நிறுத்தும் இடங்கள். சுப்பர்வைசர் ஒவ்வொன்றையும் நின்று காட்டினார். பகோடாவே முன்னர் தேவாலயமாக இருந்ததுதான். மூலைக்கல்லில் கட்டிய ஆண்டு வெட்டப்பட்டிருந்தது. நான் அதைக் குறிப்பெடுத்தபோது அவருக்குப் பெரிய திருப்தி. நேரத்தைக் கடத்தத்தான் எடுத்தேன்.

உள்ளே தேவாலயத்து வாங்கு இருக்கைகளைக் கழற்றியிருந்தார்கள். அவற்றைப் பூட்டியிருந்த ஆணித் துளைகள் மரத்தரையில் வரிசை வரிசையாகத் தெரிந்தன. நிறக்கண்ணாடி யன்னலில் ஒரு ஆட்டுக்குட்டி இன்னும் இருந்தது. அதன் கீழே பொன்னிறப் புத்தர். ஒரு அம்மா என் பனிச் சப்பாத்துகளை வாங்கி எங்கேயோ ஒரு அலுமாரிக்குள் வைத்தார். இன்னொருவர் சாம்பல்நிற அங்கி ஒன்றைக் கொண்டுவந்தார். சுப்பர்வைசர் தானே அதை எனக்கு மாட்டி, நாடாவைக் கட்டிவிட்டார். குளிர் வராமல் இரட்டைக் கதவைச் சாத்தினார்கள். முன்வரிசையில் இருத்தப்பட்டேன்.

முக்கால் மணி நேர ஓதலின்பின் வயதான பிக்கு என்னைப் பார்த்து ஏதோ சொன்னார். சுப்பர்வைசர் காதருகே குனிந்தார். "நீ புத்தர் பேசிய மொழியில் ஓதும் நாட்டிலிருந்து வந்தவன். மூன்று சரணங்களையும் அந்த மொழியில் கேட்க விரும்புகிறார்."

தெரியாது என்று சொல்லியிருக்கலாம். ஆனால் எனக்குத் தெரியும்.

எண்பத்துமூன்று ஆடிக் கலவரத்தில் கொழும்பில் எங்கள் பின்வீட்டுச் சிங்கள ரீச்சர் இரண்டு இரவு எங்களைத் தன் குசினிக்குள் வைத்திருந்தார். புத்தரை, தர்மத்தை, சங்கத்தை அடைக்கலம் கொள்கிறேன் என்ற அந்த மூன்று வரிகளையும் பாளியில் எனக்கும் மனைவிக்கும் சொல்லித்தந்தார். உச்சரிப்புப் பிசகினால் கையில் தட்டித் திருத்தினார். மூன்றாம் நாள் அவருடைய தம்பி எங்களைத் தன் வான் வண்டியில் ஏற்றிக்கொண்டு போனார். தமிழரைத் தேடிய ஒரு கும்பல் சந்தியில் மறித்தது. ஒருவன் தலையை உள்ளே விட்டு என்னிடம், "சரணம் சொல்லு" என்றான். இரண்டு வரி சொன்னேன். மூன்றாவதைத் தொடங்குமுன் அவன் வானின் கூரையில் ஓங்கித் தட்டி, போகச் சொல்லிவிட்டான். மனைவியிடம் கேட்கவில்லை.

அதன்பிறகு அந்த வரிகளை நான் வாய்விட்டுச் சொன்னதில்லை.

எல்லோரும் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கைகூப்பினேன். முதல் வரி ரீச்சரின் உச்சரிப்போடு சரியாக வந்தது. இரண்டாவதும் வந்தது. பிறகு வாய் நின்றுவிட்டது. சொல் மறக்கவில்லை; மனதில் தெளிவாக இருந்தது. ஆனாலும் கூரையில் அந்தத் தட்டு விழட்டும் என்பது போல உடம்பு காத்துக்கொண்டிருந்தது. எவ்வளவு நேரம் என்று தெரியாது. அன்றைய குறிப்பில் அந்த ஒன்றுக்கு மட்டும் நேரம் இல்லை.

பிக்கு மெல்லத் தொடங்க, சபை முழுவதும் மூன்றாவது வரியைத் தங்கள் மொழியில் சொல்லி முடித்தது. ஒரு மூதாட்டி கண்ணைத் துடைத்துவிட்டு எனக்கு ஒரு தோடம்பழம் தந்தார்.

காரில் சுப்பர்வைசர், "உனக்கு மனம் நிறைந்துவிட்டது. நான் பார்த்தேன்" என்றார். சற்றுத் தூரம் போனபின், "உன் மனைவிக்கும் தெரியும்தானே?"

"தெரியும்" என்றேன். அது பொய் இல்லை.

"நல்லது. அவர் வந்ததும் இருவரும் சேர்ந்து சொல்லுங்கள். பிக்குவிடம் இப்போதே சொல்லிவிட்டேன். அதுவரை மாதத்தில் ஒரு ஞாயிறு நீ தனியாக வா."

சரி என்றேன்.

திங்கள் பத்து பதினைந்துக்குக் கடிதம் கிடைத்தது. தட்டெழுத்தில், பிழையில்லாமல், நல்ல ஊழியன், பக்தியுள்ளவன் என்று எழுதியிருந்தார். யாழ்ப்பாணத்துக்காரர் இரண்டு முறை வாசித்தார். "பக்தியோ? அண்ணை, இனி நீங்கள் ஓவர்டைமுக்கும் அங்கி போட வேண்டி வரும்."

அன்றே மனைவிக்கு எழுதினேன். விண்ணப்பம் போகிறது, வரும்போது என்னென்ன கொண்டுவர வேண்டும் என்பதெல்லாம் எழுதி, கடைசியில் அந்த மூன்று வரிகளையும் தமிழ் எழுத்தில் எழுதி, ஞாபகப்படுத்தி வைக்கும்படி கேட்டேன். காரணம் எழுத இடம் போதவில்லை.

பதில் பத்தொன்பதாம் நாள் வந்தது. பிள்ளைகளின் படிப்பு, அறைக்காரரின் தொல்லை எல்லாம் எழுதியிருந்தா. அடியில், "நான் ஒண்டையும் மறக்கேல்லை. ஆனால் அங்கையும் மறிச்சுக் கேக்கினமோ?"

அப்படியில்லை, இங்கே கேட்பவர்கள் வேறு மனிதர், அன்பாகத்தான் கேட்கிறார்கள் என்று ஒரு பக்கம் எழுதினேன். எல்லாம் உண்மை. வாசித்துப் பார்த்தேன். அந்தப் பக்கத்தை அனுப்பாமல் வைத்துக்கொண்டு, விண்ணப்பம் போன நாளை மட்டும் எழுதி அனுப்பினேன்.