ஜெயந்தனுக்கு வந்த வாக்காளர் அட்டை

தவமலர் அக்காவின் கதையைச் சொல்வதென்றால் முதலில் என் வாயைப் பற்றிச் சொல்ல வேண்டும். எனக்கு வாய் கொஞ்சம் நீளம். அது சும்மா கிடந்திருந்தால் 1997 மே மாதத்தில் நடந்தது நடந்திருக்காது. அது நல்லதா கெட்டதா என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

ஸ்காபரோவில் ஆஸ்பத்திரித் துணிகளைத் தோய்த்து மடித்து அனுப்பும் ஒரு தொழிற்சாலையில் இரண்டு பேரும் வேலை செய்தோம். படுக்கை விரிப்பு மடிக்க இரண்டு பேர் வேண்டும். இரண்டு முனையை நான் பிடிப்பேன், மற்ற இரண்டு முனையை அக்கா பிடிப்பார். நாலு வருடம் அப்படி எதிரெதிரே நின்றோம். நான் யாழ்ப்பாணம், அவர் மட்டக்களப்பு. மட்டக்களப்பு ஆட்கள் மந்திரம் போட்டு வந்தவர்களைப் பாயோடு ஒட்டவைத்துவிடுவார்கள் என்ற பழைய பகிடியை ஒருநாள் அவிழ்த்துவிட்டேன். அக்கா சிரிக்காமல், "உங்கள ஒட்டவச்சா மறுகா ஆரு சோறு போடுற?" என்றார். அதோடு நான் அந்தப் பகிடியை விட்டுவிட்டேன்.

அக்காவின் கணவர் கனகசிங்கம் அண்ணை எண்பத்தெட்டில் தனியாகக் கனடாவுக்கு வந்தவர். பேக்கரியில் வேலை செய்துகொண்டு, மனைவியையும் இரண்டு பிள்ளைகளையும் கூப்பிட விண்ணப்பம் போட்டார். அது முடிவதற்குள் ஊரில் தொண்ணூறாம் ஆண்டுச் சண்டை வந்துவிட்டது. அக்காவும் மகன் ஜெயந்தனும் மகள் சஜிதாவும் ஒரு பள்ளிக்கூடத்தில் இருந்த அகதி முகாமில் ஒதுங்கியிருந்தார்கள். ஒரு காலையில் சீருடைக்காரர்கள் வந்தார்கள். அவர்களில் ஒருவன் கொப்பியும் கையுமாக நின்று, நல்ல மரியாதையாக, "அம்மா, உங்கட குடும்பத்தில எத்தினை பேர்? பதியவேணும்" என்று கேட்டான். பதிந்தால் மாவும் அரிசியும் தருவார்கள் என்று அக்கா நினைத்தார். மூன்று பேருடைய பெயரையும் சொன்னார். ஜெயந்தனுக்கு அப்போது பதினெட்டு வயது. பின்பக்கக் கிணற்றடியில் குளித்துக்கொண்டு நின்றான். பெயர் சொல்லிக் கூப்பிட்டதும் ஈரத் தலையோடு வந்தான். விசாரித்துவிட்டு விடுவோம் என்று சொல்லிப் பஸ்ஸில் ஏற்றினார்கள். அதற்குப் பிறகு அவனைக் கண்டவர் இல்லை.

"பேரச் சொல்லாம விட்டிருந்தா மதிலால பாய்ஞ்சு போயிருப்பான்" என்று அக்கா ஒரேயொரு முறை எனக்குச் சொன்னார். அப்போதும் எங்கள் நடுவில் ஒரு விரிப்பு இருந்தது. அதை மடித்து வைத்துவிட்டு அடுத்ததை எடுத்தார்.

கனடாவிலிருந்து விசா மூன்று பேருக்கும் வந்தது. இரண்டு பேர்தான் விமானம் ஏறினார்கள். இங்கே வந்த பிறகு அக்கா கதவு தட்டினால் திறக்கமாட்டார். தொலைபேசியை எடுத்தால் யார் பேசுகிறார்கள் என்று தெரியும்வரை வாய் திறக்கமாட்டார். வேலையில் அவசரத்துக்கு யாரைக் கூப்பிடுவது என்று எழுதும் கட்டத்தைக்கூட வெறுமையாகவே விட்டிருந்தார். வீட்டில் மகனைப் பற்றிய கதை கிடையாது. கனகசிங்கம் அண்ணை எப்போதாவது தொடங்கினால் அக்கா எழுந்து குசினிக்குள் போய்விடுவார்.

இனி என் வாய்க்கு வருகிறேன். ஊரில் நான் கண்ட முதல் தேர்தலில் என் வோட்டை எனக்கு முன்பே யாரோ போட்டுவிட்டார்கள். அடுத்ததில் யாரும் போடக்கூடாது என்று கட்டளை. அதற்கடுத்ததில் நான் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடிக்கொண்டிருந்தேன். நாற்பது வயதாகியும் வாக்குச்சீட்டில் ஒரு புள்ளடி போடாதவள் நான். ஆகவே தொண்ணூற்றேழில் தேர்தல் வரப்போகிறது, வீடு வீடாக வந்து பெயர் எடுக்கப்போகிறார்கள் என்று கேள்விப்பட்டதும் எனக்கு ஆட்டம் பிடித்துவிட்டது. எங்கள் வரிசையில் சிற்றிசன், அதாவது கனடாக் குடியுரிமை, எடுத்த தமிழ்ப் பெண்கள் ஏழு பேர். எல்லோரும் பக்கத்துப் பக்கத்துக் கட்டடங்களில் இருந்தோம். தேர்தல் திங்கட்கிழமை, அன்றைக்கு எங்களுக்கு நீண்ட ஷிஃப்ற். அதற்கு முந்திய வாரச் சனிக்கிழமையே போய்ப் போடலாம் என்று விசாரித்து வைத்தேன். ஏழு பேரில் ஒருத்தியான அன்ரனெற்றின் கணவர் கஸ்பரிடம் வான் வண்டி இருந்தது. ஏழு பேரும் ஒன்றாகப் போவோம் என்று முடிவு கட்டினேன். அவர்களைக் கேட்டு அல்ல, நானாகத்தான்.

பிரச்சினை பெயர் கொடுப்பதில் வந்தது. இரண்டு அறை வீட்டில் ஏழெட்டுப் பேர் இருக்கும் காலம். கட்டடத்தைப் பார்க்கும் சுப்பிறின்ரென்டனுக்குத் தெரிந்தால் வீட்டைவிட்டு எழுப்பிவிடுவான் என்ற பயத்தில் எல்லோரும் ஆட்களை ஒளிப்பார்கள். சாப்பாட்டு மேசையில் இருந்து நான் பொரிந்து தள்ளினேன்.

"உது அங்கத்தைப் பதிவு இல்லை. ஆமியும் வராது, சுப்பிறின்ரென்டனும் வரமாட்டான். கதவைத் திறந்து வீட்டிலை இருக்கிற ஒருத்தரையும் விடாமல் பேரைக் குடுங்கோ. ஒளிச்சு ஒளிச்சு எத்தினை வருசம் இருக்கப் போறியள்?"

அக்கா சோற்றுப் பெட்டியை மூடிக்கொண்டே கேட்டார்: "எல்லாரையும் சொல்லலாமா, யூஜினி?"

"ஓம் அக்கா. ஒருத்தரையும் விடாதேங்கோ."

ஏப்ரலில் பெயர் எடுக்க ஒரு பெண் வந்தாள். அக்கா கதவைத் திறந்தார் என்று சஜிதா சொல்லிக் கேள்விப்பட்டபோது எனக்குப் பெருமை தாங்கவில்லை. நான்தான் திறக்கவைத்தேன் என்று அன்ரனெற்றிடம் பீற்றிக்கொண்டேன்.

மே மாதம் அட்டைகள் வந்தன. ஒரு பின்னேரம் கனகசிங்கம் அண்ணை என் வீட்டு வாசலில் நின்றார். பேக்கரி மா இன்னும் கையில் இருந்தது. மூன்று அட்டைகளை நீட்டினார். ஒன்று அவருக்கு, ஒன்று அக்காவுக்கு. மூன்றாவதில் ஜெயந்தன் கனகசிங்கம் என்று இருந்தது. சஜிதாவுக்கு இன்னும் பதினெட்டு ஆகவில்லை.

"இதென்ன வேலை பாத்திருக்கிறீங்க, தங்கச்சி?" என்றார். சத்தம் போடவில்லை. சத்தம் போட்டிருந்தால் நானும் திருப்பிப் போட்டிருப்பேன். "பிறந்த திகதிகூடக் குடுத்திரிக்கா. சிற்றிசனா எண்டு கேக்க, ஓமெண்டிரிக்கா. கள்ளப் பேர் குடுத்ததெண்டு எங்கட சிற்றிசனப் பறிச்சா நாங்க எங்க போற? அந்தப் பிள்ளையும் நடுத்தெருவில நிக்கும்."

 உள்ளே போய் அட்டையில் இருந்த எண்ணுக்குத் தொலைபேசி அடித்தேன். யாருடைய பெயர் என்று சொல்லாமல், தவறாக ஒரு பெயர் பதிந்துவிட்டால் என்ன செய்வது என்று கேட்டேன். இந்தமுறை எடுக்கும் பட்டியல் நிரந்தரமாக இருக்கப்போகிறது, அதனால் கட்டாயம் நீக்க வேண்டும் என்றார்கள். வாக்களிக்க வரும்போது அட்டையைக் கொடுத்துக் காரணத்தைச் சொன்னால் போதுமாம். காரணம் இரண்டில் ஒன்று: அந்த ஆள் வேறு இடத்துக்குப் போய்விட்டார், அல்லது இறந்துவிட்டார். நன்றி என்று சொல்லி வைத்துவிட்டேன். அண்ணையிடம் திரும்பி வந்து அதைச் சொன்னேன். அவர் அக்காவின் அட்டையையும் மகனின் அட்டையையும் என் கையில் திணித்தார். "நீங்களே சொல்லுங்க. என்னால ஏலாது" என்று விட்டுப் போனார்.

மறுநாள் விரிப்பு மடிக்கும்போது சொன்னேன். சனிக்கிழமை அந்த அட்டையைத் திருப்பிக் கொடுத்துவிடுவோம் என்றேன். இரண்டு காரணங்களையும் சொன்னேன். அக்கா கையை நிறுத்தவில்லை.

"நீங்கதான சொன்னீங்க, ஒருத்தரையும் விடாதீங்க எண்டு."

"அக்கா, நான் வீட்டிலை இருக்கிற ஆக்களையெல்லோ சொன்னனான்."

"எனக்கு விசர் இல்ல, யூஜினி. பேரக் குடுத்தா வந்திடுவான் எண்டு நான் நினைக்கல்ல. அந்தப் பொம்பிள வீட்டில ஆராரு எண்டு கேட்டா. அவன விட்டுப்போட்டுச் சொல்ல எனக்கு வாய் வரல்ல." விரிப்பின் முனைகளை என் கையில் தந்தார். "அங்க விட்டுப்போட்டுச் சொல்லியிரிக்கணும். சொல்லல்ல. இஞ்ச மட்டும் எப்பிடிச் சொல்ற?"

 இடைவேளையில் இரண்டு அட்டைகளையும் கொடுத்தேன். வாங்கி ஜக்கெற்றின் உட்பையில் வைத்துக்கொண்டார். என்ன செய்யப்போகிறார் என்று சனிக்கிழமைவரை சொல்லவில்லை.

சனிக்கிழமை ஏழு பேரும் கஸ்பரின் வானில் போனோம். கல்யாண வீட்டுக்குப் போவதுபோல ஆளுக்கு ஆள் சேலை. அக்கா மட்டும் வேலைக்குப் போடும் ஜக்கெற்றோடு வந்தார். சமூக நிலையத்தின் ஒரு மண்டபத்தில் மேசைகள் போட்டிருந்தார்கள். மத்தியானம் பன்னிரண்டு மணிக்குத் திறந்தார்கள். நான் முதல் ஆளாகப் போய் என் வாழ்நாளின் முதல் புள்ளடியைப் போட்டேன்.  வெளியே வந்து அக்காவுக்கு மொழிபெயர்க்க நின்றேன்.

அக்கா இரண்டு அட்டைகளையும் மேசையில் வைத்தார். அங்கே இருந்த வெள்ளைக்கார மனுசி பட்டியலில் விரலை ஓடவிட்டு இரண்டு பெயரையும் கண்டுபிடித்தாள். நல்ல மனுசி. சிரித்துக்கொண்டு, உங்கள் மகனும் இன்று வருகிறாரா என்று கேட்டாள். நான் வாயைத் திறப்பதற்குள் அக்கா ஆங்கிலத்திலேயே ஓம் என்று சொல்லிவிட்டார். அப்படியென்றால் நல்லது, எட்டு மணிவரை திறந்திருப்போம் என்றாள் அவள். அட்டையைத் திருப்பித் தந்தாள்.

அக்கா போய் வோட்டுப் போட்டார். பெட்டிக்குள் சீட்டைத் தள்ளினார். பிறகு வாசலுக்குப் பக்கத்தில் கிடந்த கதிரையில் உட்கார்ந்துவிட்டார்.

எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. "அக்கா, எழும்புங்கோ. வான் நிக்குது. ஆர் வரப்போகினம் எண்டு இருக்கிறியள்?" என்றேன். சொன்ன பிறகுதான் என்ன சொன்னேன் என்று உறைத்தது. அக்கா என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை.

"நீங்க போங்க. எட்டு மணிவரைக்கும் இரிக்கலாமாம்" என்றார்.

பிள்ளைகளை வீட்டில் விட்டுவந்தவர்களைக் கஸ்பர் கூட்டிக்கொண்டு போனார், எட்டு மணிக்குத் திரும்பி வருவதாகச் சொன்னார். அன்ரனெற்றும் நானும் நின்றுவிட்டோம். மூன்று மணி, நாலு மணி. வெளிக்கதவு திறக்கும்போதெல்லாம் அக்கா பார்த்தார். முதலில் எனக்கு அது சகிக்கவில்லை. பிறகு என்னை அறியாமல் நானும் கதவைப் பார்க்கத் தொடங்கினேன். இருபத்தைந்து வயதுப் பொடியன்கள் எத்தனை பேர் வந்து போனார்கள் என்று எனக்குத் தெரியும். அன்ரனெற் எங்கோ போய்த் தேத்தண்ணீர் வாங்கி வந்தாள். அக்கா குடிக்கவில்லை.

ஏழு மணிக்குக் கனகசிங்கம் அண்ணை வேலை முடிந்து வந்தார். கத்தப்போகிறார் என்று நான் எழுந்து இடையில் போய் நின்றேன். அவர் அக்காவைப் பார்த்தார், அவர் கையில் இருந்த அட்டையைப் பார்த்தார்.  பக்கத்துக் கதிரையில் இருந்தார்.

கொஞ்ச நேரம் கழித்து என்னிடம் மெதுவாகச் சொன்னார்: "ஏழு வருசமாக் காத்துக்கொண்டிரிக்கா. எத்தினை மணிவரைக்கும் எண்டு ஆரும் இவக்குச் சொன்னதில்ல."

எட்டு மணிக்கு மனுசி எழுந்து வாசல் கதவைப் பூட்டினாள். அந்தப் பூட்டுச் சத்தத்துக்கு அக்கா எழுந்தார். நேரே மேசைக்குப் போய் அட்டையை வைத்தார்.

"அவன் வரல்ல எண்டு சொல்லுங்க" என்றார் என்னிடம்.

நான் சொன்னேன். அதனால் ஒன்றுமில்லை, தேர்தலன்றும் வரலாம், அன்றும் வராவிட்டாலும் பெயர் பட்டியலில் அப்படியே இருக்கும், அடுத்த தேர்தலுக்கு வரலாம் என்றாள் மனுசி. அதை நான் அக்காவுக்குச் சொல்லாமலே விட்டிருக்கலாம். அண்ணையைப் பார்த்தேன். அவர் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். சொன்னேன்.

அக்கா மேசையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டார். "ஒண்ணா, என்னால ஏலாது" என்றார். "இனி ஒண்ணா. செத்துப்போனான் எண்டு சொல்லுங்க."

அந்தச் சொல்லை ஆங்கிலத்தில் சொன்னது நான்தான். மனுசியின் முகம் மாறிவிட்டது. மன்னிக்க வேண்டும் என்று இரண்டு முறை சொன்னாள். ஒரு படிவத்தை எடுத்துப் பெயரை எழுதினாள். பிறகு, எந்தத் திகதியில் இறந்தார் என்று கேட்டாள்.

நான் தமிழில் கேட்டேன்.

"இண்டைக்கு" என்றார் அக்கா.

கனகசிங்கம் அண்ணை அக்காவின் தோளைப் பிடித்தார்.  மனுசி பேனையை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள். அவளுக்கு விளங்கப்படுத்த எனக்கு ஆங்கிலமும் போதாது, துணிவும் போதாது. இன்றைய திகதியை எழுதுங்கள் என்று மட்டும் சொன்னேன். அவள் எழுதினாள்.

வானில் ஏறும்வரை அக்கா அழவில்லை. ஏறிய பிறகு அழுதார். கனகசிங்கம் அண்ணையும் அழுதார். கஸ்பர் வானை ஓட்டாமல் அப்படியே வைத்துக்கொண்டிருந்தார். மனமறிந்து ஒரு பிள்ளையைச் சாகவைத்துவிட்டு வந்தவள்போல நான் பின் சீற்றில் இருந்தேன்.

அடுத்த வருடம் அந்தச் சனிக்கிழமைக்குரிய திதியில்தான் ஐயரைக் கூப்பிட்டு ஜெயந்தனுக்குத் திவசம் செய்தார்கள். நான் காலையிலேயே போய் மரக்கறி வெட்டிக் கொடுத்தேன்.